ரிப்போர்ட்டில் ‘பிளேட்லெட் ஒட்டியிருக்கிறது’ என்று வந்தால் இதய மாத்திரையை நிறுத்தலாமா?

முக்கூடலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு 46 வயது, வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறார். கணவருக்கு 53, லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஐந்து மாதத்துக்கு முன்னால் விடியற்காலையில் கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. மாரடைப்பு என்று சொல்லி, பாளையங்கோட்டையில் ஆஞ்சியோ பார்த்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒவ்வொன்று, வயிற்றுக்கு ஒன்று என்று மாத்திரைகள் போய்க்கொண்டிருக்கின்றன.

போன மாதம் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்துவிட்டது. பல் டாக்டர் பிடுங்க வேண்டும் என்று சொல்லி, முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவரச் சொன்னார். ரிப்போர்ட்டில், ரத்தத்தை உறைய வைக்க உதவும் தட்டணுவான பிளேட்லெட் 62,000 என்று வந்தது. குறைந்தது 1,50,000 இருக்க வேண்டும். கீழே சின்ன எழுத்தில் ‘பிளேட்லெட்டுகள் கொத்தாக ஒட்டிக் காணப்படுகின்றன’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. குழப்பம் அந்த வரியில்தான் ஆரம்பித்திருக்கிறது. கணவரின் அண்ணாச்சி போனில் தேடிப் பார்த்துவிட்டு, “ஒட்டுதுன்னா ரத்தம் கட்டுதுன்னு அர்த்தம், ஸ்டென்டுக்குள்ள மறுபடியும் அடைக்கப் போகுது, மாத்திரையை ரெண்டு ரெண்டாப் போடு” என்றாராம். அடுத்த வீட்டு மதினியோ, “தட்டு இவ்வளவு குறைஞ்சிருக்கு, ரத்தம் நீர்க்கிற மாத்திரையை முதல்ல நிறுத்து” என்று சொல்லி, பப்பாளி இலைச் சாறும் அரைத்துக் கொடுத்திருக்கிறார். மதினி சொன்னது சரியாகப் பட்டதால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் நிறுத்தி, கடிதம் எழுதும்போது மூன்று நாள் ஆகியிருந்தது. பல் வலிக்கு மருந்துக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்தியது சரியா? ஒட்டியிருக்கிறது என்றால் மறுபடி மாரடைப்பு வருமா? பல்லை எப்போது பிடுங்கலாம்? எனக்கும் 24 வயது மகனுக்கும் முன்கூட்டியே ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா? இவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, கடிதத்தின் அடியில் போன் நம்பர் இருந்ததால், படித்த அன்றைக்கே உங்களிடம் பேசிவிட்டேன். பதில் அச்சேறும் வரை காத்திருக்கும் விஷயம் இல்லை இது. அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கவும், மூன்று நாள் விட்டுப்போனதை ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் சொல்லவும் சொன்னேன். விட்டு மறுபடி தொடங்கும்போது முதல் டோஸைக் கூட்டிக் கொடுக்க வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் உடனே அவரிடம் பேசியதற்கு நன்றி. போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். இதே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருக்கும் வேறு வீடுகளுக்கும் இது உதவும்.

ஊதா மூடிக் குழாயில் நடந்தது

முதலில் அந்த ஒரு வரி. உங்கள் கணவரின் பிளேட்லெட்டுகள் ஒட்டியது அவர் உடம்புக்குள் இல்லை. ரத்தத்தை எடுத்து ஊற்றி வைத்த சின்னக் குழாய்க்குள்தான் பெரும்பாலும் ஒட்டியிருக்கும்.

ரத்த அணுக்களை எண்ணுவதற்கு ஊதா நிற மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுப்பார்கள். அதற்குள் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் தடவியிருக்கும். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். இந்த ரசாயனம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் ரத்தம் உறையாமல் இருக்கும். ஆயிரத்தில் ஒருவருக்கு, கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், இங்கே ஒரு வினோதம் நடக்கிறது. கால்சியம் போனதும் பிளேட்லெட்டின் மேற்பரப்பில் மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே தெரிகிறது. அவர்கள் ரத்தத்தில் இருக்கும் ஒரு எதிர்ப்புரதம் அதைப் பிடித்து, பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. உடம்புக்குள் இ.டி.டி.ஏ. கிடையாது. அதனால் அங்கே இது நடப்பதில்லை, அந்த எதிர்ப்புரதத்தால் ஒரு கெடுதலும் இல்லை.

அப்புறம் ஏன் எண்ணிக்கை குறைந்தது? எண்ணும் மெஷின் ஒவ்வொரு அணுவின் அளவைப் பார்த்துத்தான் இது பிளேட்லெட், இது வெள்ளையணு என்று பிரிக்கிறது. நீங்கள் பீடியைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கடையில் கொடுக்கிறீர்கள். அங்கே இருப்பவர் ஒவ்வொரு கட்டையும் ஒரு பீடி என்று எழுதிக்கொண்டால் உங்கள் கணக்கு என்ன ஆகும்? சுளகில் இருந்த பீடி குறைந்துவிடவில்லை, எண்ணியது தப்பு. மெஷினும் அப்படித்தான் ஒரு கொத்தை ஒன்றாக எண்ணும், அல்லது பெரிதாக இருக்கிறதே என்று பிளேட்லெட் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடும். சில நேரம் அந்தக் கொத்தை வெள்ளையணு என்று எண்ணி, அந்தக் கணக்கையும் கூட்டிக் காட்டும்.

ரத்தம் எடுத்தபின் நேரம் ஆக ஆகவும், குழாய் குளிர்ந்துபோனாலும் இந்த ஒட்டல் கூடும். ஊரில் காலையில் எடுத்த ரத்தம் டவுனுக்குப் போய்ச் சேர்ந்து மெஷினில் ஏற மதியம் ஆகிவிடுவது நம் பக்கத்தில் சாதாரணம். நரம்பு சரியாகக் கிடைக்காமல் ஊசியைத் திருப்பித் திருப்பி மெதுவாக எடுத்தாலும் குழாய்க்குள் கொஞ்சம் உறைந்து கொத்துகள் தெரியலாம். எதுவானாலும் வழி ஒன்றுதான். அந்த 62,000 நம்பத்தக்க எண் இல்லை, மறுபடி எண்ண வேண்டும்.

லேபில் போய் நீங்கள் கேட்க வேண்டியது இது: “போன தடவை பிளேட்லெட் ஒட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தடவை நீல மூடிக் குழாயில், சிட்ரேட்டில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பிலும் பாருங்கள்.” சிட்ரேட் திரவமாக இருப்பதால் ரத்தம் கொஞ்சம் நீர்த்துவிடும், வரும் எண்ணை 1.1ஆல் பெருக்குவார்கள். ரத்தத்தை லேபுக்கே போய்க் கொடுங்கள், உடனே மெஷினில் வைக்கச் சொல்லுங்கள். சிலருக்குச் சிட்ரேட்டிலும் ஒட்டும். அப்போது மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற டாக்டரின் கண்தான் கடைசித் தீர்ப்பு. இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். ‘ஒட்டியிருக்கிறது’ என்ற குறிப்பை எழுதியதே, எண்ணை அப்படியே நம்பாதீர்கள் என்று டாக்டருக்குச் சொல்வதற்குத்தான். அந்தக் குறிப்பை யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்லாமல் விட்டதுதான் வருத்தம்.

மறுபரிசோதனையில் எண்ணிக்கை சரியாக வந்தால், கணவரின் ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்: ‘இ.டி.டி.ஏ. குழாயில் இவருக்குப் பிளேட்லெட் ஒட்டும்.’ காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் நம் ஊர்களில் டெங்கு வருகிறது. காய்ச்சலோடு போகிறவருக்கு 62,000 என்று காட்டினால், பார்க்கிற டாக்டர் டெங்கு என்றே நினைத்து ஆஸ்பிரினை நிறுத்திவிடக்கூடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சிட்ரேட்டிலும் மைக்ராஸ்கோப்பிலும் உண்மையாகவே குறைவுதான் என்று வந்தால் அது வேறு கதை. காய்ச்சலா, மருந்தின் விளைவா, மண்ணீரல் வீக்கமா, வைட்டமின் குறைவா என்று காரணம் தேட வேண்டும். 50,000க்குக் கீழே உண்மையாகவே போனால், எந்த மாத்திரையைத் தொடர்வது என்பதை இதய டாக்டரும் ரத்தநோய் டாக்டரும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அப்போதும் நீங்களாக முடிவு எடுக்க வேண்டாம்.

நெஞ்சுக்குள் நடப்பது

அண்ணாச்சி சொன்னதில் பாதி உண்மை. பிளேட்லெட் ஒட்டித்தான் மாரடைப்பு வருகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது நடக்கும் விதமே வேறு.

பிளேட்லெட் மிகச் சின்னது. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 400 பிளேட்லெட்டுகளை வரிசையாக வைக்கலாம். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல்லிலிருந்து உடைந்து வரும் துணுக்கு அது, அதற்குள் உட்கரு கிடையாது. ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள். 1882இல் பிட்சோசெரோ என்ற இத்தாலிய மருத்துவர்தான் இதைத் தனி அணு என்று கண்டு, ரத்தக் குழாய் அடிபட்ட இடத்தில் முதலில் ஓடிப்போய் ஒட்டுவது இதுதான் என்றும் காட்டினார்.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் எளிதாகப் புரியும். குளத்துக் கரை உடைந்தால் ஊரே ஓடிவந்து உடைப்பில் மணல் மூட்டையைப் போடும். ஒருவர் போட்டால் இன்னொருவரைக் கூப்பிடுவார், அவர் நான்கு பேரைக் கூப்பிடுவார். பிளேட்லெட்டும் அதையேதான் செய்கிறது. ரத்தக் குழாயின் உள்பூச்சு கிழிந்து அடியிலிருக்கும் கொலாஜன் என்ற நார் தெரிந்தால், முதலில் வரும் பிளேட்லெட் அதில் ஒட்டும். ஒட்டியதும் திராம்பாக்சேன், ஏ.டி.பி. என்ற இரண்டு ரசாயனங்களைக் கக்கி மற்ற பிளேட்லெட்டுகளைக் கூப்பிடும். வந்தவை ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கயிறாக வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அரிவாள்மணையில் விரல் வெட்டுப்பட்டால் சில நிமிடத்தில் ரத்தம் நிற்பது இந்த வேலையால்தான். இது இல்லாமல் நாம் உயிரோடு இருக்க முடியாது.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்ளகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அதன் சுவரில் பல வருஷமாகக் கொழுப்புப் படிந்து, மேலே மெல்லிய தோல் மூடியிருக்கும். ஒருநாள் அந்தத் தோல் கிழிகிறது. பிளேட்லெட்டுக்கு அது கரை உடைந்த மாதிரிதான் தெரியும், மூட்டையோடு ஓடி வரும். பெரிய குளத்தில் அது காப்பாற்றும். குறுகலான வாய்க்காலில் போட்டால் வாய்க்காலே அடைந்து, கீழே இருக்கும் வயல் காய்ந்துபோகும். அந்த விடியற்காலையில் உங்கள் கணவருக்கு நடந்தது இதுதான்.

ஸ்டென்ட் என்பது அடைத்த இடத்தை விரித்து வைக்கும் வலைக் குழாய், உலோகம். ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். குழாயின் உள்பூச்சு வளர்ந்து அந்தக் கம்பிகளை மூட மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பிளேட்லெட்டுக்கு அது உடைந்த கரையாகவே தெரியும். அதனால்தான் ஒன்றுக்கு இரண்டு மாத்திரை. ஆஸ்பிரின் திராம்பாக்சேன் வழியை அடைக்கிறது, குளோபிடோக்ரெல் ஏ.டி.பி. வழியை அடைக்கிறது.

இங்கே ஒரு தவறான நினைப்பை எடுத்துவிட வேண்டும். இவை ‘ரத்தம் நீர்க்கிற மாத்திரை’ இல்லை. ரத்தம் சாம்பார் ரசமாக ஆவதில்லை, அதன் கெட்டித்தன்மை மாறுவதே இல்லை. பிளேட்லெட்டின் பிசுபிசுப்பு மட்டும் குறைகிறது. அதனால் நிறையத் தண்ணீர் குடித்து ரத்தத்தை நீர்க்கச் செய்துவிட்டால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வால்வு மாற்றியவர்கள் போடும் வார்ஃபரின் வகை மாத்திரை வேறு, அதற்கு ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை மாதாமாதம் வேண்டும். உங்கள் கணவரின் இரண்டு மாத்திரைக்கும் அந்தப் பரிசோதனை தேவையில்லை.

நிறுத்தினால் என்ன, இரட்டித்தால் என்ன

ஆஸ்பிரின் ஒரு பிளேட்லெட்டைத் தொட்டால் அதன் ஆயுள் முடியும் வரை அது அடங்கியிருக்கும். உட்கரு இல்லாததால் அதனால் புதுப் புரதம் செய்துகொள்ள முடியாது. குளோபிடோக்ரெலும் அப்படித்தான். ஆனால் மஜ்ஜை தினமும் பத்தில் ஒரு பங்கு புதுப் பிளேட்லெட்டை ரத்தத்தில் விடுகிறது. மூன்று நாள் மாத்திரை இல்லை என்றால், மூன்றில் ஒரு பங்கு பிளேட்லெட்டுகள் முழுப் பிசுபிசுப்போடு சுற்றிக்கொண்டிருந்தன என்று அர்த்தம். ஒரு வாரம் ஆகியிருந்தால் பாதுகாப்பு கிட்டத்தட்ட முழுதும் போயிருக்கும். ஸ்டென்டுக்குள் திடீரென்று ரத்தம் கட்டுவது அபூர்வம்தான். ஆனால் கட்டிவிட்டால் அது இன்னொரு பெரிய மாரடைப்பு, உயிர் போகும் வாய்ப்பு அதிகம். அப்படிக் கட்டுவதற்கு மிக முக்கியமான காரணங்களில் ஒன்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கையில் இருந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இந்தச் சின்ன மாத்திரையின் மதிப்பு என்ன என்று 1988இல் வெளிவந்த ஐசிஸ்-2 என்ற ஆய்வு காட்டியது. மாரடைப்போடு வந்த 17,187 பேர் அதில் இருந்தார்கள். ஒரு மாதம் ஆஸ்பிரின் கொடுத்ததில், ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக் குழாய்ச் சாவு நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவிலிருந்து ஒன்பது பேர் அளவுக்குக் குறைந்தது. சில காசு விலையுள்ள மருந்து செய்தது இது.

சரி, நல்ல மருந்துதானே, அண்ணாச்சி சொன்னபடி இரட்டிக்கலாமா? வேண்டாம். தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினே திராம்பாக்சேன் வழியை ஏறக்குறைய முழுதும் அடைத்துவிடுகிறது. அதற்கு மேல் போட்டால் பிளேட்லெட்டுக்குப் புதிதாக ஒன்றும் ஆகாது, வயிற்றில் ரத்தக் கசிவுதான் கூடும். 25,000 பேரை வைத்து 2010இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று 300 மில்லிகிராமையும் 75–100 மில்லிகிராமையும் ஒப்பிட்டு இதையேதான் கண்டது. அண்ணாச்சிக்குத் தம்பி மேல் இருக்கும் பாசம் புரிகிறது. அவரிடம் வேறொரு வேலையை ஒப்படையுங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டு மாத்திரையும் பொதுவாக ஒரு வருஷம். ரத்தக் கசிவு ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஆறு மாதமாகவோ அதற்குக் குறைவாகவோ டாக்டர் குறைப்பார். அப்புறம் ஒன்று மட்டும் தொடரும். உங்கள் கணவருக்கு இன்னும் ஐந்து மாதம்தான் ஆகியிருக்கிறது. ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. வயிற்றுக்குக் கொடுத்த மாத்திரை எது என்றும் பாருங்கள். பான்டோபிரசோல் என்றால் சரி. ஒமிபிரசோல், இசோமிபிரசோல் என்றால் டாக்டரிடம் காட்டி மாற்றிக் கேளுங்கள், அவை குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கக்கூடியவை.

கையில் சின்னச் சின்ன நீலத் தடம், பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம் ரத்தம் என்று எழுதியிருந்தீர்கள். மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி:

- தார் மாதிரிக் கருப்பாக, ஒட்டும் மலம். இரும்புச் சத்து மாத்திரை போட்டாலும் மலம் கருக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.
- வாந்தியில் ரத்தம், அல்லது காபித் தூள் கரைத்த மாதிரி வாந்தி.
- இதுவரை வராத கடுமையான தலைவலி, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கைகால் தளர்வது.
- பத்து, பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம்.
- பழைய மாதிரி நெஞ்சு வலி, வியர்வை, மூச்சு முட்டல். இதற்கு நேராக 108. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாடின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டை வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

பல்லை எப்போது பிடுங்குவது

சீழ் வைத்த பல்லை மாதக்கணக்கில் விடுவதும் தப்பு. இரண்டு மாத்திரையையும் நிறுத்தாமலே ஒரு பல்லைப் பிடுங்கலாம். உலகெங்கும் இன்று சொல்லப்படும் வழி அதுதான். ரத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கசியும். பஞ்சை வைத்து அரை மணி நேரம் கடித்துப் பிடிப்பது, ஒரு தையல் போடுவது, டிரனெக்சாமிக் அமிலத்தை வாயில் வைத்துக் கொப்பளிப்பது என்று வாய்க்குள்ளேயே நிறுத்த வழிகள் இருக்கின்றன. வாயில் கசியும் ரத்தத்தைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் அழுத்தி நிறுத்தலாம். ஸ்டென்டுக்குள் கட்டும் ரத்தத்தை அப்படிச் செய்ய முடியாது. இரண்டையும் எடை போட்டால் எது பெரிய ஆபத்து என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

காலை நேரமாக, வாரத்தின் முதல் பாதியில் நாள் குறிக்கச் சொல்லுங்கள். கசிந்தால் அன்றைக்கே திரும்பிப் போய்க் காட்டப் பகல் இருக்கும். ஸ்டென்ட் வைத்தவர் என்பதற்காக மட்டும் பல் பிடுங்குவதற்கு முன்னால் தனியாக ஆன்டிபயாடிக் தேவையில்லை. சீழுக்குக் கொடுத்தால் அது வேறு.

டைக்ளோஃபெனாக்கை நிறுத்தச் சொன்னேன், நிறுத்திவிட்டீர்கள் என்று நம்புகிறேன். மாரடைப்பு வந்தவருக்கு அந்த வகை வலி மாத்திரைகள் இதயத்துக்கும் ஆகாது, ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றிலும் ரத்தம் கசிய வைக்கும். இபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் இடத்தை முந்திப் பிடித்துக்கொண்டு அதை வேலை செய்யவே விடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

ஆஸ்பிரினின் கதையே இப்படி ஒரு வாய்க் காயத்தில்தான் தொடங்கியது என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் கிரேவன் என்ற பொது மருத்துவர், டான்சில் எடுத்தபின் வலிக்கு ஆஸ்பிரின் கலந்த மிட்டாயை மென்றவர்களுக்கு ரத்தம் அதிகமாகக் கசிவதைப் பார்த்தார். ரத்தத்தைக் கட்டவிடாத மருந்து மாரடைப்பையும் தடுக்கலாமே என்று 1940களின் கடைசியிலேயே யோசித்துக் கொடுக்க ஆரம்பித்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971இல் கண்டுபிடித்து, 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். கசிவும் காப்பும் ஒரே வேலையின் இரண்டு பக்கம் என்பதை அந்த டாக்டர் அன்றே பார்த்துவிட்டார்.

பல் டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி கேட்கிறார், அது எங்களிடம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அண்ணாச்சிக்கான வேலை இதுதான். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். நோயாளியின் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வரச் சொல்லுங்கள். எந்தத் தேதியில், எந்தக் குழாயில், என்ன வகை ஸ்டென்ட் என்பது அதில் இருக்கும். ஒரு நகலைப் பல் டாக்டரிடம் கொடுங்கள், ஒன்று எப்போதும் ஆட்டோவிலேயே இருக்கட்டும்.

பப்பாளி இலையும் பூண்டும்

மதினி நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். ஆனால் உங்கள் கணவருக்கு அது தேவையே இல்லை, குறையாத ஒன்றைக் கூட்ட முடியாது. பூண்டு, இஞ்சி, மஞ்சள் குழம்பில் சேர்ப்பது நல்லதுதான், பயமில்லாமல் சேருங்கள். அதையே மாத்திரையாகவோ சாறாகவோ தினமும் நிறையக் குடிப்பது மட்டும் வேண்டாம். இரண்டு மாத்திரையோடு சேர்ந்து கசிவைக் கூட்டலாம். சித்த மருந்து எடுக்க ஆசை என்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் போய், போடும் எல்லா மாத்திரையையும் காட்டிவிட்டுக் கேளுங்கள். அவர்களிடம் மறைக்காதீர்கள், எங்களிடமும் மறைக்காதீர்கள்.

உங்களுக்கும் மகனுக்கும்

ஆஸ்பிரின் வேண்டாம். மாரடைப்பு வந்தவருக்கு அது காவல். வராதவருக்குக் கணக்கு மாறிவிடுகிறது. 2018இல் மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. அவற்றில் ஒன்றில் மட்டும் 19,114 முதியவர்கள். மாரடைப்பு வராதவர்கள் தினமும் ஆஸ்பிரின் போட்டதில் கிடைத்த நன்மை கொஞ்சம்தான் அல்லது இல்லவே இல்லை, ரத்தக் கசிவு தெளிவாகக் கூடியது.

ஆனால் மகனைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டது நியாயம். அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். சென்னையில் கடையில் நிற்கிறார் என்றீர்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள்.

அதைச் சொல்லும்போது உங்கள் கணவரின் பீடிக்கும் வர வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டார், ஆனாலும் நீங்கள் கழித்துப் போடும் பீடியில் ஒன்றிரண்டை எடுத்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். புகை உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே பிளேட்லெட்டின் பிசுபிசுப்பு கூடுகிறது, குழாயின் உள்பூச்சும் புண்படுகிறது. இரண்டு மாத்திரை சேர்ந்து செய்யும் வேலைக்கு எதிராகத்தான் ஒவ்வொரு பீடியும் வேலை செய்கிறது. இந்தத் தொழில்தான் உங்கள் வீட்டில் அடுப்பெரிக்கிறது என்பது எனக்குத் தெரியும், அதை விடுங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. கழிவைப் பூட்டி வையுங்கள், அல்லது அன்றன்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் சுளகு வேண்டாம்.

மாத்திரைச் செலவு தாங்கவில்லை என்றால் ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி இதயப் பிரிவில் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு மாத்திரையும் அங்கே இலவசம். கைக்காசு தீர்ந்ததால் மாத்திரை நின்றுபோகும் வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் நீங்கள் கேட்காமலே இதைச் சொல்கிறேன்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரே ஒரு வரி: “எனக்கு இதுவரை பிரஷர் பார்த்ததில்லை, உட்கார்ந்து எழுந்தால் தலை சுத்துது.” அதற்கு நீங்கள் கேள்வியே கேட்கவில்லை. அவருக்கு நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கப் போகும் அன்றைக்கு நீங்களும் சாப்பிடாமல் போங்கள். சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள், உட்கார்ந்தபடி ஒரு முறையும் நின்றபடி ஒரு முறையும் ரத்த அழுத்தம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரின் ரிப்போர்ட்டும் வந்ததும் அதே நம்பரில் கூப்பிடுங்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எடுப்பேன்.